புதைத்து வைத்த தாலந்து

தமிழ் உபாத்தியாயராக இருப்பவரிடம் வருஷத்துக்கு ஏழெட்டு நோட்டுப் புஸ்தகங்களாவது தாமாக வந்து சேரும். பரீட்சை நோட்டுகளைச் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, இரண்டு மூன்று மாதம் தயங்கி, கடைசியில் ஒரு நாள் மணி அடித்த பிறகு வகுப்புக் காலியாகும் வரையில் காத்திருந்து, "ஐயா, நேரமிருந்தால்..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிற நோட்டுகளைச் சொல்லுகிறோம். அட்டையில் 'கணக்கு' என்று இருக்கும். உள்ளே சிறுகதை இருக்கும். இருபது வருஷமாக இவற்றைப் படித்து வருகிறோம். இதற்குச் சம்பளம் கிடையாது. ஆயினும், சம்பளம் தருகிற வேலைகளைக் காட்டிலும் இதைச் சற்று அதிகக் கவனத்துடனேயே செய்து வருகிறோம் என்பதைத் தலைமை ஆசிரியர் காதில் விழாதபடி சொல்லி வைக்கிறோம்.

நாம் இருப்பது திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில். நாமும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களே. ஆகையால் ஒரு வித்தியாசத்தை வெகு காலமாகக் கவனித்து வந்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் நோட்டைக் கொடுத்துவிட்டு, "நன்றாயிருக்கிறதா, ஐயா?" என்று கேட்பார்கள். நம்முடைய கோயில் பிள்ளைகளோ அதற்கு முன்பாக இன்னொன்று கேட்பார்கள்: "இதை எழுதலாமா, ஐயா?"

முதற் கேள்விக்குப் பதில் சொல்லுவது எளிது. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக் கழித்தால், அந்தப் பிள்ளை அதன் பிறகு எழுதுவதே இல்லை. இதைப் பல முறை கண்டிருக்கிறோம்.

அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பயம் ஒன்றல்ல. கதை என்பது நடவாததை நடந்ததாகச் சொல்வது; நடவாததைச் சொல்வது பொய்; பொய் சொல்லலாகாது என்பது கற்பனை. இது வீட்டிலுள்ள பாட்டிமார் தர்க்கம். தர்க்க சாஸ்திரம் படியாத பாட்டிகள் இவ்வளவு ஒழுங்காக மூன்று படி ஏறி முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்! அவர்களுக்கு நாம் சொல்லும் மறுமொழி இதுதான்: கெட்ட குமாரன் கதையை ஆண்டவரே சொன்னார். அந்தத் தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை ஏக்கர் நிலம் என்று இதுவரையில் எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. அப்படி ஒருவன் இருந்தானா என்று சந்தேகித்ததுமில்லை. இல்லை என்று தெரிந்தாலும் வருத்தப்படப் போவதுமில்லை. இன்னும் ஒரு நயத்தைப் பாருங்கள். இளையவன் வீடு திரும்பிவிட்டான், விருந்து நடக்கிறது, மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலிலே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா? கதையில் இல்லை. கேட்டவர்கள் வீடு சேர்ந்த பின்னும் யோசிக்கட்டும் என்று அங்கேயே நிறுத்தியாகிவிட்டது. இக்காலத்துச் சிறுகதை ஆசிரியர்கள் தாங்கள் கண்டுபிடித்த உத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தின் வயது இரண்டாயிரம் வருஷம்.

இன்னொரு பயம் அடக்கத்தின் உருவத்தில் வருவது. "நாம் யார் எழுதுவதற்கு? கல்விமான்கள் எழுதட்டும்" என்பது அது. தாலந்துகளின் உவமையில், ஒரு தாலந்து பெற்ற ஊழியன் அதை நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்தான் அல்லவா? அவன் திருடவில்லை, சூதாடித் தொலைக்கவில்லை, குறையாமல் கொண்டுவந்து எஜமானிடம் கொடுத்தான். பயந்ததுதான் அவன் செய்த குற்றம். அவன் பெற்றது ஏதோ சில்லறை என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு தாலந்து வெள்ளி என்பது, கூலியாள் ஒருவன் ஏறக்குறைய இருபது வருஷம் பாடுபட்டுப் பெறும் தொகை என்று வேத விற்பன்னர் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்குக் கிடைத்தது ஒன்றுதானே என்று மண்ணைத் தோண்டுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்விமான்கள் எழுதட்டும் என்பவர்களுக்கு ஜான் பனியனுடைய சரித்திரத்தைச் சொல்லுவது நம் வழக்கம். இங்கிலாந்தில் பெட்போர்டு என்னும் ஊருக்கு அருகே எல்ஸ்டோ கிராமத்தில் 1628-ஆம் வருஷம் அவர் பிறந்தார். தகப்பனார் தொழில் ஓட்டைப் பாத்திரங்களைப் பழுது பார்ப்பது. மகனுக்கும் அதுவே தொழில். தெருத் தெருவாகச் சென்று ஓட்டை அடைப்பவருக்குச் சர்வகலாசாலை எங்கே? விவாகம் ஆனபோது வீட்டில் தட்டும் கரண்டியும்கூடச் சரியாக இல்லையாம். மனைவி பிறந்தகத்திலிருந்து கொண்டு வந்த சீதனம் இரண்டு பக்திப் புஸ்தகங்கள். நம் நாட்டில் சீதனப் பட்டியல் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக. அந்த இரண்டு புஸ்தகங்களிலிருந்து ஆரம்பித்து அவர் பிரசங்கியானார். அனுமதிச் சீட்டில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். "இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் 1672 வரையில், பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்தார்.

வீரம் என்று ஒரே சொல்லில் இதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்து போவது சுலபம். வெளியே இருந்தவர்களையும் நினைக்கவேண்டும். முதல் மனைவி இறந்துவிட்டாள். அவள் விட்டுச்சென்ற குழந்தைகள் நால்வர்; மூத்த பெண் மேரிக்குக் கண் பார்வை இல்லை. இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன்னே போய் நின்று கணவனுக்காக வாதாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை. பனியன் சிறைக்குள் உட்கார்ந்து காலணிக்கும் சட்டைக்கும் உதவும் நாடாக்களுக்கு நுனியில் தகடு கட்டி, அவற்றை விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். அந்தக் குருட்டுப் பெண்ணை நினைக்கும்போது தம் நெஞ்சு பிளப்பது போல் இருந்ததென்று அவரே தம்முடைய ஆத்ம சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சரித்திரம் 1666-இல், அவர் உள்ளே இருக்கும்போதே அச்சாயிற்று. மறு வருஷம், கண்ணிழந்த மகாகவி மில்டனுடைய 'இழந்த சுவர்க்கம்' வெளிவந்தது. ஒருவர் லத்தீனும் கிரேக்கமும் கரைகண்ட பண்டிதர். மற்றவர் ஈயமும் நாடாவும் தெரிந்தவர். ஒரே காலத்தில், ஒரே தேசத்தில், ஒரே வேதப் புஸ்தகத்திலிருந்து இரண்டு பேரும் முகந்திருக்கிறார்கள்.

'மோட்ச பிரயாணம்' என்று நாம் அறிந்திருக்கும் நூலைப் பனியன் சிறையிலேயே தொடங்கினார் என்பது பெரும்பாலோர் கொள்கை. அச்சானது 1678-இல். எழுதி முடித்ததும் நண்பர்களிடம் காட்டியிருக்கிறார். பாதிப் பேர் "அச்சிடு" என்றார்கள். பாதிப் பேர் "வேண்டாம்" என்றார்கள். வேதாந்த விஷயத்தைக் கட்டுக்கதையாகச் சொல்லலாமா என்று தயங்கினவர்கள் அன்றும் இருந்தார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் அவர்களுடைய வம்சமே. பனியன் இரண்டு கட்சியையும் கேட்டுக்கொண்டு, நீங்கள் இப்படிப் பிரிந்து நிற்பதால் அச்சிட்டே பார்த்துவிடுகிறேன் என்று தீர்மானித்ததாக அந்நூலின் முகப்பிலேயே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். அயலாரைத் திருப்தி செய்வதற்காக எழுதவில்லை, தம் மனத் திருப்திக்காகவே எழுதினதாகவும் அங்கே சொல்லுகிறார். பக்திமானுக்கு இது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நமக்கு அந்த இடந்தான் மிகவும் பிடித்தமானது. உபதேசம் பண்ணவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்லர் அவர். வேறு ஏதோ எழுதிக்கொண்டிருக்கையில் இந்தக் கதை தானாக வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் சேற்றுப் பள்ளத்தில் விழுகிற யாத்திரிகனோடு நாமும் விழுகிறோம்.

அந்த யாத்திரிகன் கடல் தாண்டித் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்த வரலாறு நமக்கு இன்னும் நெருங்கியது.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-ஆம் வருஷம் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. வைஷ்ணவக் குடும்பம், கம்பராமாயணம் புழங்கிய வீடு. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருக்கும்போது கிறிஸ்து மார்க்கத்தைப் பற்றிய சிந்தனை அவர் உள்ளத்தில் புகுந்தது. 1858-இல், முப்பத்தோராவது வயதில், சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயரையும் ஏற்றார். அக்காலத்தில் அப்படிச் செய்பவன் எதை எதை இழப்பான் என்பதை இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலையில் யார் இருப்பார் என்பதிலிருந்து, செத்தால் யார் தூக்குவார் என்பது வரையில் எல்லாம் மாறிவிடும்.

ஆனால் அவர் ஒன்றை இழக்கச் சம்மதிக்கவில்லை. கம்பனை அவர் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. பனியனுடைய உரைநடைக் கதையை எடுத்து, பருவங்களாகவும் படலங்களாகவும் வகுத்து, மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களால் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியமாகப் பாடினார். இடையிடையே தேவாரம் என்ற பெயராலேயே இசைப்பாட்டுகளை அமைத்தார். பெத்லகேமில் பிறந்தவரைப் பாட ஆழ்வாரும் நாயன்மாரும் பழக்கி வைத்த வாய் வேண்டியிருந்தது. அதை மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கிறிஸ்து மார்க்கம் அந்நியருடையது, தமிழ் நம்முடையது, இரண்டும் ஒட்டா என்று இப்பொழுதும் சிலர் சொல்லக் கேட்கிறோம். ஏசு பெருமான் கட்டுண்டு நின்று, பழித்தவர்களுக்கு ஒரு மறுமொழியும் கூறாமல் இருக்கும் இடத்தைக் கிருஷ்ண பிள்ளையின் பாட்டில் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

நூல் முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று நாம் சொல்லமாட்டோம். கோட்பாடுகளை விளக்கப் புகும் இடங்களில் விருத்தம் நடக்கிறது, பறக்கவில்லை. மனம் கரைந்து அழும் இடங்களில்தான் அவர் கம்பனுடைய மாணாக்கர். நம்மிடம் நோட்டுக் கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த நூலைக் காட்டிலும் அது வெளிவந்த விதத்தையே முதலில் சொல்லுகிறோம். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' என்னும் மாதப் பத்திரிகையில் அது பதின்மூன்று வருஷம் தொடர்ந்து வந்தது. மாதந்தோறும் சில பாட்டுக்கள். அடுத்த மாதம் இன்னும் சில. பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பத்திரிகையைப் படித்த ஒரு சிறுவனுக்கு மீசை முளைத்து, விவாகமாகி, குழந்தையும் பிறந்திருக்கும். புஸ்தகமாக முதற் பதிப்பு வந்தது 1894-இல். ஆசிரியருக்கு அப்போது அறுபத்தேழு வயது. இரண்டு கதை திரும்பி வந்துவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடும் நமது இளைஞர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "அவர் பெரியவர், ஐயா" என்று தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய பாட்டு எழுதி முடியாத மாதத்தில் பெரியவரும் நம்மைப்போலத்தான் விழித்திருப்பார்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறோம். அவரை அறியாத தமிழ் வீடு இல்லை. கத்தோலிக்கர், முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். தமிழில் வசன நூல்கள் இல்லையே என்ற குறை தீர 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் அதுதான். நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது வேறு. அந்நூலைப் படித்து வாய்விட்டுச் சிரிக்கிறவர் எந்த மதத்தினர் என்று ஆசிரியர் கேட்பதேயில்லை. கிறிஸ்தவன் எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிலுவை நட்டிருக்கவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. எந்தச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகளையும் இயற்றி 1878-இல் வெளியிட்டார். எழுதினதோடு நிற்காமல், தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவருக்கு ஊற்றினார். அவருடைய விசுவாசம் கஞ்சித் தொட்டியில் இருந்தது. நாவலில் ஹாஸ்யம் இருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருந்ததே அவருடைய சாமர்த்தியம். கிருஷ்ண பிள்ளை வழி ஒன்று. வேதநாயகம் பிள்ளை வழி ஒன்று. துண்டுப் பிரசுரம் எழுதி அதற்குச் சிறுகதை என்று பெயரிடும் மூன்றாவது வழியும் உண்டு. அது நமக்குப் பிடிப்பதில்லை.

இனி, பயங்களில் மிகவும் புதிதான ஒன்றைச் சொல்லவேண்டும். இது பாட்டிமாரிடமிருந்து வந்ததன்று. பத்திரிகை படிக்கும் பேத்திகளுக்கு உண்டாவது. தங்கள் வீட்டுத் தமிழைக் கண்டு அவர்கள் வெட்கப்படுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் நம்மிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். உபதேசியார் வீட்டுப் பெண். கதையில் ஒரு கிழவி வருகிறாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பது அவள் வழக்கம். ஐம்பது வருஷமாகத் தவறியதில்லை. ஒரு வருஷம் மழை இல்லை. வீட்டில் மணி அரிசி இல்லை. குழந்தை பசியால் அழுகிறது. கிழவி தண்ணீர் எடுக்கப் போயிருக்கும் சமயம் பார்த்து மருமகள் அந்தப் பானையைத் திறந்து, கோயில் அரிசியைப் பொங்கிக் குழந்தைக்கு ஊட்டிவிடுகிறாள். கிழவி குடத்துடன் வந்து வாசலில் நிற்கிறாள். சோற்று வாசனை வருகிறது.

இதைப் படித்தபோது நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் வழியெல்லாம் அடித்தல் திருத்தல்கள். 'பிடியரிசி' என்று முதலில் எழுதி, அதை அடித்து, 'உண்டியல் பணம்' என்று மாற்றியிருந்தாள். 'ஜெபம்' போய்ப் 'பிரார்த்தனை' வந்திருந்தது. 'அசனம்' விருந்தாகியிருந்தது, 'உபதேசியார்' வெறும் 'பெரியவர்' ஆகியிருந்தார். ஏனம்மா என்று கேட்டோம். "மற்றவர்களுக்குப் புரியாது, ஐயா. சிரிப்பார்கள்" என்றாள்.

உண்டியல் பணத்தைப் பொங்கிக் குழந்தைக்கு ஊட்ட முடியுமா? ஒரு சொல்லை மாற்றியதில் கதையின் அடுப்பே அணைந்துவிட்டது. பிடியரிசியைப் புரியாதவர்கள் இரண்டு வரி படித்தால் புரிந்துகொள்வார்கள். அக்கிரஹாரத்துச் சொற்களையும், செட்டிநாட்டுச் சொற்களையும், நாஞ்சில் நாட்டுச் சொற்களையும் கதைகளிலே படித்து நாம் எல்லோரும் புரிந்துகொள்ளவில்லையா? 'பாதிரித் தமிழ்' என்று ஏளனம் செய்யப்பட்ட தமிழ் ஒன்று உண்டு என்பது மெய்யே. பரதேசி எவரோ அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்ததுபோல் இருக்கும் பகுதிகளும் அதில் உண்டு. ஆயினும் அந்தத் தமிழுக்கு வயது அதிகம். கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ்ப் புஸ்தகம் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-இல் புதிய ஏற்பாட்டின் முதற் பகுதியை அச்சிட்டார். இத்தாலி தேசத்தில் பிறந்து, முப்பது வயதுக்குமேல் தமிழைப் படிக்கத் தொடங்கிய வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி தொகுத்தார். அத்தனை தலைமுறையாக நம் தாய்மார் வாயிலும், கோயில் ஓலைப் பந்தலிலும், சாவு வீட்டுத் திண்ணையிலும் புழங்கி வழவழப்பேறிய சொற்கள் அவை. அவற்றை வைத்து எழுதவேண்டியவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். அவர்கள் எழுதாவிட்டால் அவை வேதப் புஸ்தகத்துக்குள்ளேயும் கல்லறைக் கல்லிலும் மாத்திரமே மிஞ்சும்.

இவ்வளவும் அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு அவகாசம் இல்லை. அதற்குள் அவள் திருத்திய பிரதியை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள். அது ஒரு மாதத்தில் அச்சடித்த சீட்டொன்றோடு திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து நம்மிடம் வந்து, "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. வீட்டில் இருந்தால் அடுப்பில் போட்டுவிடுவேன்" என்று நோட்டைக் கொடுத்தாள். இனிமேல் எழுதப் போவதில்லை என்றும், எழுத வேண்டாம் என்பது தேவ சித்தமாக இருக்கலாம் என்றும் சொன்னாள்.

தேவ சித்தத்தைத் தபால்காரர் கையில் அனுப்பி வைப்பதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பதினேழு வயதுப் பெண்ணிடம் அதைப் பரிகாசமாகச் சொல்லிவிடலாகாது. அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள். இப்படி நம்பியவர்களில் அவளைவிட மிகப் பெரியவர்களும் உண்டு.

ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கவி ஆக்ஸ்போர்டில் படித்தவர். கத்தோலிக்கராகி, 1868-இல் சேசு சபையில் துறவியாகச் சேருவதற்குமுன், தாம் அதுவரையில் எழுதிய கவிதைகளைத் தீயில் இட்டார். கவிதை தம் ஊழியத்துக்கு இடையூறு என்பது அவர் எண்ணம். மேலதிகாரிகள் சொன்னாலொழிய எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொண்டு ஏழு வருஷம் ஏறக்குறைய மௌனமாகவே இருந்தார். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்ஸ் நதி முகத்துக்கு அருகே மணல் திட்டில் மோதி உடைந்தது. ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து கன்னியாஸ்திரீகள் அதிலே மாண்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்து ஹாப்கின்ஸ் மனம் நொந்திருந்தபோது, அவருடைய மடத்துத் தலைவர், யாராவது இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்குமே என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான். ஏழு வருஷத்து அணை உடைந்தது.

அந்தக் கவிதையை அவருடைய சபையாரின் பத்திரிகையே பிரசுரிக்காமல் திருப்பிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாப்கின்ஸ் 1889-இல் டப்ளின் நகரில் விஷஜுரத்தால் இறந்தார். வேதநாயகம் பிள்ளை காலமானதும் அதே வருஷந்தான். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் பத்திரப்படுத்தி வைத்திருந்த கவிதைகள் 1918-இல் புஸ்தகமாயின. இப்போது ஆங்கிலம் படிக்கும் இடங்களிலெல்லாம் அவரைப் படிக்கிறார்கள். தாமே புதைத்ததைத் தோண்டி எடுக்கும்படி செய்தது அந்தத் தலைவரின் பேச்சுவாக்கில் வந்த வார்த்தை. குருமாரும், தகப்பன்மாரும், நம் போன்ற உபாத்தியாயர்களும் ஒரு நாளைக்கு எத்தனையோ வார்த்தைகளைப் பேச்சுவாக்கில் சொல்லித் தீர்க்கிறோம். பெரும்பாலும் "முதலில் கணக்கில் மார்க்கு வாங்கு" என்பதுதான் அது.

இந்தச் சரித்திரத்தை அந்தப் பெண்ணுக்குச் சொன்னோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், முகம் மாறவில்லை. இங்கிலீஷ்காரர் சமாசாரம் அவளுக்கு எட்டவில்லை போலும். ஆகவே, எரேமியா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தில் முப்பத்தாறாம் அதிகாரம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டோம்.

உபதேசியார் மகளிடம் கேட்கத் தகுந்த கேள்வியா அது! அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு சுருளில் எழுதினான். அதை ராஜாவாகிய யோயாக்கீமிடம் கொண்டுபோனார்கள். அது ஒன்பதாம் மாதம்; குளிர் காலம்; ராஜா முன்னே கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. யெகுதி என்பவன் சுருளிலிருந்து மூன்று நாலு பத்தி வாசித்தவுடன்...

"வாங்கிக் கிழித்தான், இல்லையா?" என்றோம், அவளைச் சீண்டிப் பார்ப்பதற்காக.

"இல்லை, ஐயா. சூரிக்கத்தியினால் அறுத்தான்" என்றாள்.

சூரிக்கத்தி! அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் கத்தி பளபளத்தது. இதை எங்கே கற்றாய் என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் என்றாள். இந்தச் சொல்லைப் போட்டால் புரியாது, சிரிப்பார்கள் என்று அடித்துவிட்டு 'சிறிய ரகக் கத்தி' என்று எழுதுவாயா என்று கேட்டோம். அன்றுதான் அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

சுருள் முழுவதும் எரிந்து சாம்பலான பிறகு என்ன நடந்தது என்பதையும் அவளே சொன்னாள். எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுத்தான். பாருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினான். எரிந்த சுருளில் இல்லாத வேறு அநேக வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன. நகல் வைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் பிரதியை அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் அதுவே பழைய சாட்சி என்று நாம் ஒரு லௌகிகமான விஷயத்தையும் சொல்லி வைத்தோம்.

நோட்டை அவள் அன்றே கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் கதையின் நான்காவது பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். பிடியரிசி திரும்பி வந்துவிட்டது. ஜெபமும் அசனமும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதற் பிரதியின் கடைசியில், மறுநாள் பட்டாளத்திலிருக்கும் மகனிடமிருந்து மணியார்டர் வருவதாகவும், கிழவி அதைத் தேவ கிருபை என்று துதிப்பதாகவும் இருந்தது. அதை நாம் சொல்லாமலே எடுத்துவிட்டாள். கிழவி குடத்துடன் வாசலில் நிற்கிறாள். உள்ளே குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மருமகள் தலை நிமிரவில்லை. அதற்குமேல் தாள் வெள்ளையாக இருந்தது.

"பிறகு கிழவி என்ன சொன்னாள்?" என்று கேட்டோம்.

"இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள், ஐயா" என்றாள்.